மருத்துவக் கவனிப்பு அதிகம் தேவைப்படும் கைக்குழந்தையோடு தீம் பார்க் பயணம்: முழுமையான வழிகாட்டி

ஆக்ஸிஜன், டியூப் ஃபீடிங் (குழாய் வழியே பால் கொடுப்பது), பிறவி இதயக் கோளாறு, வலிப்பு, குறைமாதப் பிறப்பால் வந்த நுரையீரல் பிரச்சினை. இப்படி ஏதோ ஒன்றோடு வளரும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தீம் பார்க் போகப் போகிறோம் என்று சொன்னால், கேட்பவர்களில் பாதிப் பேர் "இப்போ அது ரொம்ப அவசியமா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே வீட்டில் ஆறு வயதிலோ எட்டு வயதிலோ இன்னொரு பிள்ளை இருக்கும். தம்பி பிறந்ததிலிருந்து அதன் விடுமுறையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கழிந்திருக்கும். குடும்பமாக நான்கு நாள் வெளியே போய் வருவதை நான் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். போய் வரக்கூடிய நிலையில் உள்ள குழந்தைகள் நிறைய உண்டு. போகக் கூடாத காலமும் உண்டு, அதையும் பார்ப்போம்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே அடிப்படையில் எழுதியது. மருந்து, பால், தூக்கம், சக்‌ஷன் (சளியைக் கருவியால் உறிஞ்சி எடுப்பது) என்று குழந்தையின் நாள் வீட்டில் எப்படி ஓடுகிறதோ, அங்கேயும் அப்படியே ஓட வேண்டும். அதற்கு இடையில் பூங்காவுக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறதோ அதுதான் உங்கள் பயணம். மூன்று மணி நேரம் மிஞ்சினால் மூன்று மணி நேரப் பூங்கா. டிக்கெட் காசு வீணாகிறதே என்று அதை ஆறாக்கப் பார்த்தால் அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கும்.

முதல் படி: டாக்டரிடம் என்ன கேட்பது

எதையும் புக் செய்வதற்கு முன்பு, முடிந்தால் இரண்டு மூன்று மாதம் முன்பே, குழந்தையை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் பேசுங்கள். "போகலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டால் "பார்த்து போயிட்டு வாங்க" என்ற பதில்தான் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கேள்வியைத் துல்லியமாக வையுங்கள்.

விமானத்தில் போகலாமா, கூடுதல் ஆக்ஸிஜன் தேவைப்படுமா? சாச்சுரேஷன் (இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு, சதவீதத்தில்) எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆக்ஸிஜனைக் கூட்டலாம், எவ்வளவு வரை கூட்டலாம், எதற்குக் கீழே போனால் நேரே எமர்ஜென்சி? காய்ச்சல் எத்தனை டிகிரி வந்தால் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும்? ஒரு வேளை மருந்து வாந்தியாகிவிட்டால் மறுபடி கொடுக்கலாமா? வெயிலில் இந்த மருந்துகளால் பிரச்சினை வருமா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஃப்யூரோசமைட் போன்ற நீர் பிரிக்கும் மருந்து எடுக்கும் குழந்தைக்கு வெயிலில் நீரிழப்பு சீக்கிரம் வரும். டோபிரமேட், ஜோனிசமைட் போன்ற வலிப்பு மருந்துகள் வியர்வையைக் குறைக்கக்கூடியவை. அதாவது உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழியே கொஞ்சம் அடைபட்டிருக்கும். இதய நோய்க் குழந்தைக்குப் பாலின் அளவையே கணக்குப் பார்த்துக் கட்டுப்படுத்தியிருப்பார்கள். வெயில் என்று நாமே கூட்டிக் கொடுக்கவும் முடியாது. எவ்வளவு, எப்போது என்பதை டாக்டர் எழுதித் தரட்டும்.

தள்ளிப்போட வேண்டிய நேரங்கள் பெரும்பாலும் தெளிவானவை. சமீபத்தில்தான் டிஸ்சார்ஜ் ஆகியிருக்கிறது, ஆக்ஸிஜன் அளவோ வலிப்பு மருந்தோ இப்போதுதான் மாற்றியிருக்கிறார்கள், ஜி-டியூப் (வயிற்றில் துளையிட்டு இரைப்பைக்குள் வைக்கும் பால் குழாய்) போட்டு சில வாரமே ஆகிறது, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறது, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் பயணத் தேதியைப் பற்றிப் பேசவே மாட்டேன். டாக்டர் வேண்டாம் என்றால், ஆமாம் என்று சொல்லும் இன்னொரு டாக்டரைத் தேடிப் போகாதீர்கள்.

எல்லாம் சரி என்றாலும் புக்கிங் எல்லாமே தேதி மாற்றக்கூடியதாக, பணம் திரும்பக் கிடைக்கக்கூடியதாக இருக்கட்டும். கிளம்பும் வாரத்தில் சளி பிடிப்பது கைக்குழந்தை வீடுகளில் சர்வ சாதாரணம். பயணக் காப்பீடு எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோயையும் சேர்த்துக் காக்கிறதா என்று எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். குழந்தையின் நோயைச் சொல்லாமல் எடுத்த காப்பீடு தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்காது.

தேதி, இடம், தடுப்பூசி

கூட்டம் குறைவான நாள் வேண்டும்: பள்ளி நடக்கும் காலம், வார நாள். வெயில் கடுமை இல்லாத மாதமும் வேண்டும். இதில் ஒரு முரண் இருக்கிறது. குளிர் நாடுகளில் வெயில் இல்லாத மாதங்களில்தான் ஆர்.எஸ்.வி., இன்ஃப்ளூயன்சா போன்ற சுவாச வைரஸ்கள் சுற்றும். நுரையீரலோ இதயமோ பலவீனமான குழந்தைக்கு ஆர்.எஸ்.வி. சாதாரண ஜலதோஷம் இல்லை. அதனால் கோடைக்கும் குளிருக்கும் இடைப்பட்ட வாரங்களைத் தேடுவதுதான் நல்லது.

தட்டம்மை பற்றியும் சொல்ல வேண்டும். 2014 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் தொடங்கிய தட்டம்மைப் பரவல் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. பாதிக்கப்பட்டவர்களில் தடுப்பூசி போடும் வயதே வராத கைக்குழந்தைகளும் இருந்தார்கள். தட்டம்மை வந்த ஒருவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த வைரஸ் காற்றில் இருக்கும். வெளிநாட்டுப் பயணம் என்றால் 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசி ஒரு டோஸ் முன்கூட்டியே போடலாம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. ஆனால் அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தைக்கு அதைப் போடக் கூடாது. ஆர்.எஸ்.வி.க்கு நிர்செவிமாப் என்ற ஆன்டிபாடி ஊசி சில ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் குழந்தைக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். குழந்தைக்குப் போட முடியாவிட்டாலும் கூட வரும் பெரியவர்களும் மூத்த பிள்ளைகளும் தங்கள் ஊசிகளை முடித்திருக்க வேண்டும். ஊசி உடனே வேலை செய்யாது என்பதால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டிருக்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது ரைடுகளை இல்லை, குழந்தைகள் ஐ.சி.யூ. இருக்கும் மருத்துவமனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத்தான். பக்கத்திலேயே ஒரு பெரிய மருத்துவமனை இருக்கலாம், ஆனால் அங்கே குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை இல்லாமல் இருக்கலாம். போன் செய்து கேளுங்கள்: "வீட்டில் ஆக்ஸிஜனில் இருக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை எமர்ஜென்சியில் பார்ப்பீர்களா, இல்லை வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா?" அனுப்புவார்கள் என்றால் அந்த வேறு இடத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு தாள்

ஃபைல் முழுக்க டிஸ்சார்ஜ் சம்மரி கொண்டு போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எமர்ஜென்சியில் இரவுப் பணியில் இருக்கும் டாக்டருக்கு அதைப் புரட்ட நேரம் இருக்காது. அவருக்கு வேண்டியது ஒரே தாள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் அவசர மருத்துவர்கள் கல்லூரியும் சேர்ந்து இதற்கென்றே ஒரு அவசரத் தகவல் படிவம் வைத்திருக்கின்றன. அதை மாதிரியாக வைத்து உங்கள் டாக்டரிடம் நிரப்பி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதில் இருக்க வேண்டியவை: நோயின் பெயர், செய்த அறுவை சிகிச்சைகள், எடை, ஒவ்வாமை, பொருத்தியிருக்கும் டியூபின் வகையும் அளவும், மருந்துகள், போன் எண்கள். முக்கியமாக, குழந்தை நன்றாக இருக்கும்போது அதன் எண்கள் என்ன என்பது. சில இதய நோய்க் குழந்தைகளுக்கு சாச்சுரேஷன் 80 என்பதே வழக்கமான நிலை. அதைத் தெரியாதவர் பதறிப்போய் அளவுக்கு மீறி ஆக்ஸிஜன் கொடுத்துவிடுவார். சில இதயக் குறைபாடுகளில் அதுவே கெடுதல் செய்யும்.

மருந்துப் பட்டியலில் "5 மில்லி" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரே மருந்து ஓர் இடத்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் என்றும் இன்னோர் இடத்தில் 25 மில்லிகிராம் என்றும் கிடைக்கலாம். பாட்டில் உடைந்து அங்கேயே புதிதாக வாங்க நேர்ந்தால் அந்த 5 மில்லி விபரீதமாகிவிடும். மில்லிகிராம், மில்லி, செறிவு மூன்றும் இருக்கட்டும். மருந்தின் பிராண்ட் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் மூலப்பெயரையும் எழுதுங்கள். இரண்டு பிரதி, அப்புறம் பெரியவர்கள் எல்லாருடைய போனிலும் ஒரு படம்.

கணக்குப் போடும் படி

இதற்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஒதுக்குங்கள். உணர்ச்சிக்கு இடமில்லாத வேலை, பேப்பரும் பேனாவும் போதும்.

ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர். கையில் இருப்பது 170 லிட்டர் கொள்ளும் சிறிய சிலிண்டர். வகுத்தால் 340 நிமிடம், 5 மணி 40 நிமிடம். ஆகா, போதுமே என்று தோன்றும். ஆனால் கடைசிச் சொட்டு வரை கணக்கில் சேர்க்கக் கூடாது. கால் பங்கை இருப்பாக ஒதுக்கினால் மிஞ்சுவது 4 மணி 15 நிமிடம். அழுது சாச்சுரேஷன் இறங்கி ஒரு லிட்டராகக் கூட்ட வேண்டி வந்தால் இதுவும் பாதியாகும். ஆக மூன்று மணி நேரப் பூங்காவுக்கே ஒன்று பயன்பாட்டில், ஒன்று கையிருப்பில் என்று இரண்டு சிலிண்டர் வேண்டும். சிலிண்டரைத் திறக்கும் சாவியும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் கூடவே. காலி சிலிண்டரையும் நிறைந்ததையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கத் தீர்ந்ததன் கழுத்தில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். பூட்டிய காருக்குள் வெயிலில் சிலிண்டரை வைத்துவிட்டுப் போகவே கூடாது.

சிலிண்டர் வேண்டாம், கையில் தூக்கும் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: சிறிய கருவிகள் பலவும் மூச்சை இழுக்கும்போது மட்டும் ஆக்ஸிஜன் விடும் பல்ஸ் முறையில் வேலை செய்பவை. கைக்குழந்தையின் மென்மையான மூச்சை அவற்றால் உணர முடியாமல் போகும். தொடர்ந்து விடும் வகைதான் வேண்டும். அது கனமாக இருக்கும், பேட்டரியையும் வேகமாகக் குடிக்கும்.

பேட்டரிக்கு அட்டையில் போட்டிருக்கும் நேரம் புதுப் பேட்டரிக்கானது. உங்களுடையது எவ்வளவு தாங்கும் என்பதை வீட்டிலேயே, குழந்தை பயன்படுத்தும் அதே செட்டிங்கில், முழுதாகத் தீரும் வரை ஓடவிட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் குழந்தை வேறு கருவியில் இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

பாலுக்கும் கணக்கு உண்டு. பிழிந்து எடுத்த தாய்ப்பால் 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும். உறைந்த ஐஸ் பேக்குகளோடு குளிர்ப்பையில் 24 மணி நேரம். கலந்த ஃபார்முலாவுக்கு வெளியே 2 மணி நேரம்தான், குழந்தை குடிக்கத் தொடங்கிவிட்டால் 1 மணி நேரம். பவுடர் ஃபார்முலா கிருமி நீக்கப்பட்டதில்லை. குறைமாதக் குழந்தை, இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை, எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தை என்றால் நேரே கொடுக்கக்கூடிய திரவ ஃபார்முலா பாதுகாப்பானது. பயணத்தில் தண்ணீர் தேடும் வேலையும் மிச்சம். டியூப் ஃபீடிங் பம்பில் ஓடும் பாலை எத்தனை மணி நேரம் தொங்கவிடலாம் என்பது பாலின் வகையைப் பொறுத்தது. வெயில் நாளில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து, டியூப், சக்‌ஷன் கத்தீட்டர், டேப், சிரிஞ்சு எல்லாம் தேவையைப் போல இரு மடங்கு. அதையும் இரண்டு பையில் பிரித்து, இரண்டு பேர் கையில். ஒரு பை தொலைந்தாலும் நாள் ஓட வேண்டும்.

வீட்டிலேயே ஓர் ஒத்திகை

இதைச் செய்யாமல் கிளம்பாதீர்கள். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு, பூங்காவுக்குக் கொண்டுபோகப் போகும் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, கூட்டம் உள்ள ஒரு பொது இடத்தில் நான்கு மணி நேரம் இருந்து பாருங்கள். ஒரு வேளை மருந்து, இரண்டு வேளை பால், ஒரு டயபர் மாற்றம், ஒரு சக்‌ஷன், எல்லாம் வெளியே நடக்கட்டும். மறந்து வைத்த பொருளுக்காக வீட்டுக்கு ஓடக் கூடாது.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாத விஷயங்கள் அப்போதுதான் வெளிப்படும். மானிட்டரின் அலாரம் கூட்டத்தின் இரைச்சலில் காதில் விழாது. வெளிச்சம் நேரே பட்டாலும், ஸ்ட்ரோலர் குலுங்கினாலும் சாச்சுரேஷனை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தப்பான எண்ணைக் காட்டும். சென்சாரின் மேல் ஒரு கனமான சாக்ஸ் போட்டால் வெளிச்சம் மறையும். எண் இறங்கினால் முதலில் வண்டியை நிறுத்தி, குழந்தையின் உதட்டையும் மூச்சையும் பாருங்கள், அப்புறம் சென்சார்.

ஸ்ட்ரோலர் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பம்பு ஒரு பக்கம், சக்‌ஷன் மெஷின் ஒரு பக்கம் என்று கைப்பிடியில் மாட்டிவிட்டு, குழந்தையை மட்டும் தூக்கினால் வண்டி அப்படியே பின்பக்கம் கவிழும். குழந்தை உங்கள் தோளில், ஆக்ஸிஜன் குழாய் மூக்கில், அதன் மறுமுனை கவிழும் வண்டியில் உள்ள சிலிண்டரில். கனமானதெல்லாம் கீழ்க்கூடையில், சிலிண்டர் அசையாமல் பட்டை போட்டுக் கட்டியபடி இருக்க வேண்டும். தூக்கும்போது முதலில் பிரேக், இரண்டாவது குழாயை விடுவிப்பது, மூன்றாவதுதான் குழந்தை. இந்த வரிசை கைக்குப் பழகும் வரை வீட்டிலேயே செய்து பாருங்கள்.

ஜி-டியூப் கழன்று வந்துவிட்டால் என்ன செய்வது, டிரக்கியாஸ்டமி டியூபை (மூச்சுக்காகக் கழுத்தில் துளையிட்டு வைத்த குழாய்) அவசரமாக மாற்றுவது எப்படி, குழந்தைக்கு சி.பி.ஆர். (இதயமும் மூச்சும் நின்றால் செய்யும் முதலுதவி) எப்படி, இந்த மூன்றில் உங்கள் குழந்தைக்குப் பொருந்துவதைக் கூட வரும் இரண்டு பெரியவர்களாவது செய்து பழகியிருக்க வேண்டும். ஜி-டியூப் வெளியே வந்தால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். அதனால் அதே அளவில் ஒன்றும் ஓர் அளவு சிறியதாக ஒன்றும் எப்போதும் கையில் இருக்கட்டும். புதிதாகப் போட்ட டியூப் என்றால் நீங்களாகத் திரும்ப நுழைக்காமல் மருத்துவமனைக்குப் போவதுதான் சரி.

விமானமும் காரும்

விமானம் பறக்கும்போது உள்ளே உள்ள காற்றழுத்தம், 8,000 அடி வரை உயரமான மலையில் இருப்பதைப் போல இருக்கும். தரையில் 21 சதவீத ஆக்ஸிஜன் சுவாசிக்கும் நமக்கு அங்கே கிடைப்பது சுமார் 15 சதவீதத்துக்குச் சமம். ஆரோக்கியமான குழந்தைக்கே சாச்சுரேஷன் கொஞ்சம் இறங்கும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள குழந்தைக்கு, தரையில் ஆக்ஸிஜனே தேவைப்படாவிட்டாலும், மேலே தேவைப்படலாம். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை இருக்கிறது: 15 சதவீத ஆக்ஸிஜனைச் சுவாசிக்கவைத்து சாச்சுரேஷன் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

சொந்த சிலிண்டரை விமானத்தில் ஏற்றப் பல நிறுவனங்கள் விடாது. அமெரிக்க விமானங்களில் அனுமதியே இல்லை. அங்கீகரிக்கப்பட்ட கான்சன்ட்ரேட்டர் என்றால் பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு பேட்டரி வைத்திருக்கச் சொல்வார்கள். உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. கொள்ளளவு 100 வாட்-மணிக்கு மேல் 160 வரை உள்ள பேட்டரிகளுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பாலும் மருந்தும் 100 மில்லிக்கு மேல் இருந்தாலும் குழந்தைக்கென்றால் பொதுவாக விடுவார்கள். சோதனை வரிசையில் நிற்கும்போதே எடுத்துச் சொல்லிவிடுங்கள். மருந்து எதுவும் லக்கேஜில் போகக் கூடாது.

மேலே போகும்போது வயிற்றில் உள்ள காற்று விரியும். டியூப் ஃபீடிங் குழந்தைக்கு விமானம் ஏறுவதற்கு முன் ஒரு முறை டியூபைத் திறந்து காற்றை வெளியேற்றினால் உப்புசமும் வாந்தியும் குறையும்.

காரில் போவதென்றால் இவ்வளவு விதிகள் இல்லை. ஆனால் கார் சீட்டில் சாய்ந்த நிலையில் நெடுநேரம் இருந்தால் சிறு குழந்தையின் தலை முன்னே சரிந்து மூச்சு தடைபடலாம், குறிப்பாகக் குறைமாதக் குழந்தைகளுக்கு. பின்சீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வரட்டும். அதிகபட்சம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி வெளியே எடுங்கள்.

தங்கும் அறை

பூங்காவுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் மத்தியானம் திரும்பி வரப் போகிறீர்கள். அறையில் உள்ள குட்டி ஃபிரிட்ஜை நம்பாதீர்கள். பலவும் பானத்தைச் சில்லென்று வைக்கும், மருந்துக்கு வேண்டிய 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்காது. ஒரு சிறிய தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள். மருந்துக்கென்று கேட்டால் பல விடுதிகளில் வேறு ஃபிரிட்ஜ் தருவார்கள். பிளக் பாயிண்ட் எத்தனை, எங்கே என்று முன்பே கேளுங்கள். வெளிநாடு என்றால் வோல்டேஜும். வீட்டுக் கருவி 230 வோல்ட்டுக்கு மட்டுமானது என்றால் 110 வோல்ட் நாட்டில் பிளக் அடாப்டர் மட்டும் போதாது. பெரிய கான்சன்ட்ரேட்டரை உங்கள் ஆக்ஸிஜன் நிறுவனமே அறைக்கு அனுப்பி வைக்குமா என்று விசாரியுங்கள், பல இடங்களில் இந்த வசதி உண்டு.

அறைக்குப் போனதும் கட்டடத்தின் பெயர், அறை எண், ஆம்புலன்ஸ் எண் மூன்றையும் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். பதற்றத்தில் நாம் எந்த விடுதியில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

பூங்காவிடம் கேட்டு வாங்க வேண்டியவை

பெரிய பூங்காக்களின் இணையதளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் என்று தனிப்பக்கம் இருக்கும். படியுங்கள், அப்புறம் எழுதிக் கேளுங்கள். பதில் மின்னஞ்சலைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் வாசலில் விவாதம் மிச்சம்.

ஸ்ட்ரோலரை வரிசைக்குள்ளும் கட்டடத்துக்குள்ளும் கொண்டுபோக அனுமதி வேண்டும், ஏனென்றால் கருவிகள் அதில்தான் இருக்கின்றன. டிஸ்னி பூங்காக்களில் இதற்கு, ஸ்ட்ரோலரைச் சக்கர நாற்காலியாகக் கருதச் சொல்லும் ஓர் அட்டையை விருந்தினர் சேவை மையத்தில் தருவார்கள். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 2019 மே முதல் 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேற்பட்ட ஸ்ட்ரோலர்களுக்கு அனுமதியில்லை, இழுக்கும் வேகன்களும் கூடாது. உதிரி ஐஸும் உலர் ஐஸும்கூடத் தடை. பாலைக் குளிரவைக்க மறுபடி உறையவைக்கும் ஐஸ் பேக்குகள்தான் வழி.

வரிசையில் நிற்காமல் நேரம் குறித்துக்கொண்டு வரும் சலுகை பல பூங்காக்களில் உண்டு, ஆனால் யாருக்குத் தருவது என்பதில் விதிகள் இறுகிவருகின்றன. டிஸ்னி தன் அமெரிக்கப் பூங்காக்களில் 2024-ல் இதை ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை முதன்மையாக வைத்து மாற்றியமைத்தது. அதனால் கட்டாயம் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். எல்லாருக்கும் கிடைப்பது இன்னொன்று: ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் பெரிய பிள்ளையோடு ரைடு போய் வந்ததும், மறுபடி வரிசையில் நிற்காமல் ஆள் மாறுவது. டிஸ்னியில் ரைடர் சுவிட்ச், யுனிவர்சலில் சைல்ட் சுவாப். நம் மாதிரிக் குடும்பத்துக்கு உண்மையில் அதிகம் உதவுவது இதுதான். பெரிய பிள்ளைக்கு ஒரே ரைடு இரண்டு தடவை கிடைப்பதும் உண்டு!

முதலுதவி மையமும் குழந்தைப் பராமரிப்பு அறையும் எங்கே என்று வரைபடத்தில் வட்டமிடுங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக முதலுதவி மையத்துக்குப் போய்க் குழந்தையைக் காட்டி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். குளிரில் வைக்க வேண்டிய மருந்தை அங்கே வைக்கலாமா, பேட்டரி சார்ஜ் போடலாமா, டியூப் ஃபீடிங்குக்கு அமைதியான படுக்கை கிடைக்குமா என்று அப்போதே கேளுங்கள்.

பூங்காவில் அந்த நாள்

திறக்கும் நேரத்துக்கே போங்கள். வெயில் ஏறும்முன், கூட்டம் சேரும்முன் இருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் உங்களுக்கானது. மத்தியானம் அறை. சாயங்காலம் குழந்தை நன்றாக இருந்தால் மறுபடி ஒரு மணி நேரம், இல்லையென்றால் ஒரு பெரியவர் பெரிய பிள்ளையை மட்டும் கூட்டிப் போகலாம்.

வெயிலுக்கு ஸ்ட்ரோலரின் மேல் துணியைப் போர்த்தாதீர்கள். மெல்லிய துணியாக இருந்தாலும் உள்ளே காற்றோட்டம் நின்று சூடு மளமளவென்று ஏறும். குழந்தையின் முகமும் உங்களுக்குத் தெரியாது. குடை மாட்டுங்கள், பேட்டரி விசிறி வையுங்கள், விரல் நுழையாத வகையாகப் பார்த்து. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீனைவிட நிழலும் உடையும்தான் பரிந்துரை. கழுத்தின் பின்பக்கம் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். ஈர டயபர் குறைந்தால் உடனே கவனியுங்கள்.

தொற்றுக்கு, சானிடைசரோடு நிறுத்திவிடாதீர்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் ஆல்கஹாலுக்கு எளிதில் மசியாது, சோப்பும் தண்ணீரும்தான். டியூபையோ டிரக்கியாஸ்டமி குழாயையோ தொடும் முன் கண்டிப்பாகக் கை கழுவ வேண்டும். "என்ன பாப்பா பேரு?" என்று கன்னத்தைக் கிள்ள வருபவர்களைத் தடுக்க, தொட வேண்டாம் என்று ஒரு சின்ன அட்டையை ஸ்ட்ரோலரில் தொங்கவிடலாம். மூக்கில் குழாயைப் பார்த்ததும் நின்று விசாரிப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ரைடு விஷயத்தில், மெதுவாகப் போகும், மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய சிலவற்றில் கைக்குழந்தைகளையும் விடுவார்கள். ஏறும் முன் இரண்டைக் கேளுங்கள். உள்ளே செயற்கைப் புகை, மின்னி மின்னி அடிக்கும் விளக்கு உண்டா? முதலாவது நுரையீரலுக்கு ஆகாது, இரண்டாவது சில வலிப்புக் குழந்தைகளுக்கு ஆகாது. அடுத்து, அவசரப் பையை ரைடுக்குள் எடுத்துப் போகலாமா? எந்த ரைடும் பாதியில் நிற்கலாம். இறக்கிவிட அரை மணி நேரம்கூட ஆகலாம். சக்‌ஷன் மெஷின் வெளியே, குழந்தை உள்ளே இருட்டில் என்ற நிலை வரக் கூடாது. பை கூடாது என்றால் அந்த ரைடு வேண்டாம். டிரக்கியாஸ்டமி குழந்தை தண்ணீர் தெளிக்கும் எதன் பக்கமும் போக வேண்டியதில்லை. வாணவேடிக்கையைப் புகை வராத தூரத்தில் இருந்தோ அறை ஜன்னலில் இருந்தோ பாருங்கள், குழந்தைக்குக் காதுக்கவசத்தோடு.

பெரியவர்களுக்கும் ஒரு விதி. எந்த நேரத்திலும் குழந்தை ஒருவருடைய டியூட்டி. மாறும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "பத்து மணி மருந்து கொடுத்தாச்சு, சிலிண்டர் பாதி இருக்கு, இனி நீ பாரு." கொடுத்த உடனே தாளில் டிக் போடுங்கள். அவர் கொடுத்திருப்பார் என்று இவரும், இவர் கொடுத்திருப்பார் என்று அவரும் விடுவதும், இரண்டு பேருமே கொடுத்துவிடுவதும் இப்படிப்பட்ட நாட்களில்தான் நடக்கும்.

கிளம்ப வேண்டிய நேரம்

இதை வீட்டிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். டாக்டர் சொன்ன எண்ணுக்குக் கீழே சாச்சுரேஷன் நிற்கிறது, வழக்கத்தைவிட ஆக்ஸிஜன் அதிகம் கேட்கிறது, மார்புக்கூடு உள்ளே இழுக்கிறது, பால் இரண்டு வேளை தங்கவில்லை, எழுப்பினாலும் சோர்ந்தே இருக்கிறது, காய்ச்சல். இவற்றில் ஒன்று வந்தால் பேச்சே இல்லாமல் பூங்காவை விட்டுக் கிளம்பி, தாளில் டாக்டர் எழுதியபடி போன் அல்லது மருத்துவமனை. இதில் எதுவும் இல்லை, ஆனால் இரண்டு பெரியவர்களில் ஒருவருக்கு மனது சரியில்லை என்றாலும் கிளம்பலாம். மற்றவர் காரணம் கேட்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைக்கும் இந்த விதியை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். பாதியில் போக நேர்ந்தால் அதற்குப் பதிலாக என்ன என்பதையும்.

மூச்சுத் திணறல் போன்ற உண்மையான அவசரம் பூங்காவுக்குள்ளேயே வந்தால் காரை நோக்கி ஓடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஊழியரிடம் சொல்லுங்கள், அவர்களிடம் வயர்லெஸ் இருக்கும். ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக உள்ளே வரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஒருவர் குழந்தையோடு நிற்க, இன்னொருவர் அந்த ஒற்றைத் தாளைக் கையில் எடுத்து வைத்திருக்கட்டும்.

திரும்பி வந்தபின்

கருவிகளின் ஃபில்டரைக் கழுவுங்கள் அல்லது மாற்றுங்கள். பூங்காவின் தூசி அவற்றில் நன்றாகவே படிந்திருக்கும். தீர்ந்த சிலிண்டர்களையும் பொருட்களையும் அதே வாரத்தில் நிரப்பிவிடுங்கள். தட்டம்மை போன்றவை உடலில் வெளிப்பட மூன்று வாரம் வரை ஆகலாம். அந்தக் காலத்துக்குள் குழந்தைக்குக் காய்ச்சலோ உடம்பில் தடிப்போ வந்தால், கிளினிக்குக்குக் கிளம்பும் முன்பே போன் செய்து எந்தத் தேதியில் எங்கே போயிருந்தீர்கள் என்று சொல்லுங்கள். மற்ற குழந்தைகள் காத்திருக்கும் அறையில் உட்காரவைக்காமல் தனி வழியில் அழைத்துக்கொள்வார்கள்.